அணைந்த விளக்கும் அணையாத கடமையும்

ஒரகடத்திலே கடல் இல்லை. திருப்பெரும்புதூரிலே துறைமுகம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் நின்று எத்திசை நோக்கினாலும் ஆலைக் கூரைகளும், அவற்றிடையே எஞ்சி நிற்கும் ஏரிக்கரைகளுந்தாம் தென்படுமேயன்றி, அலை தென்படாது. எனினும், அந்த வட்டாரத்திலே நம் தொழிலாளத் தோழர்கள் இரவு பகலாகப் பூட்டித் தரும் மோட்டார் கார்கள், சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலும் கப்பலேறிக் கடல் கடந்து செல்கின்றன. அந்தக் கப்பல்களுக்கு இரவிலே கரை காட்டுவது மெரினாக் கடற்கரையின் கலங்கரை விளக்கம். அதனுடைய பாட்டன் ஒருவன், உயர்நீதிமன்ற வளாகத்திலே கருங்கல் தூணாக நிற்கிறான். ஒளி இழந்து நூற்றாண்டு கடந்துவிட்டது. உடல் மட்டும் நிற்கிறது.

அந்தப் பாட்டனைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அவனைக் காப்பது எப்படி, அதற்குத் திட்டம் வகுப்பது யார், செலவை ஏற்பது யார் என்று கேட்கிறோம். கேள்வியைக் கோட்டையிலுள்ள ஆட்சியாளரிடம் மட்டுமன்றி, திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்து ஆலை முதலாளிகளிடமும் சேர்த்தே கேட்கிறோம்.

சென்னைக்குக் கலங்கரை விளக்கம் ஒன்றல்ல, நான்கு. முதல் விளக்கு 1796இல், புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளே, வணிகர் கூடும் மாளிகையாக எழுந்த கட்டடத்தின் உச்சியிலே ஏற்றப்பட்டது. அந்த விளக்குக்கு ஊற்றியது தேங்காய் எண்ணெய்! கோயில் விளக்குக்கும் கப்பல் விளக்குக்கும் ஒரே எண்ணெய் என்பது எண்ணிப் பார்க்கச் சுவையான செய்தியே. அந்த மாளிகைதான் இன்று கோட்டை அருங்காட்சியகமாக விளங்குவது. கும்பினியாரின் காசுகளையும் வாள்களையும் பார்க்க அங்கே செல்லும் மாணவர்களில், தம் தலைக்குமேல் ஒரு காலத்தில் கப்பல் விளக்கு எரிந்தது என்பதை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்?

இரண்டாவதுதான் நாம் சொல்ல வந்த தூண். கோட்டைக்கு வடக்கே அன்று வெறும் திடலாய்க் கிடந்த இடத்திலே, 1838இல் வேலை தொடங்கிற்று. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித் என்பார் திட்டம் வகுத்தார். கிரேக்க நாட்டின் டோரிக் முறைப்படி, நூறடிக்கும் மேல் உயர்ந்த கருங்கல் தூண். வகுத்த கை வெள்ளையன் கை; ஆனால் கல்லை உடைத்த கையும், சுமந்த தோளும், உச்சிவரை ஏற்றி அடுக்கிய திறமும் நம்மவருடையவை. அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. 1844 ஜனவரி முதல் நாள் அந்தத் தூணின் தலையிலே ஒளி பிறந்தது. ஐம்பது ஆண்டுக்காலம் வங்கக் கடலிலே வந்த கப்பல்களுக்கெல்லாம் சென்னை இதுவென்று சொல்லிற்று. அந்நாளில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகமே கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சும்; மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துச் சென்று மக்களையும் மூட்டைகளையும் கரை சேர்க்கும். அலைவாய்க்கும் உயிருக்கும் இடையே அந்த விளக்கு எத்துணை பெரிய துணையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1892இல் உயர்நீதிமன்றத்துச் செங்கல் மாளிகை எழுந்தது. தூணைவிட உயரமாக அதன் குவிமாடம் நின்றதால், 1894இல் விளக்கு அங்கே குடியேறிற்று. நீதி வழங்கும் மாளிகையே வழி காட்டும் விளக்கையும் தலையில் தாங்கியது உலகிலே அருமையான காட்சி. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியரின் எம்டன் கப்பல் வந்து சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய போதும் அந்த மாளிகை அங்கே நின்றது. குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு வளாகச் சுவரில் உண்டு. ‘எம்டன்’ என்ற சொல் இன்றும் நம் வீடுகளில், அடங்காத பிள்ளைக்குப் பட்டப்பெயராக வழங்குகிறது! பின்னர் 1977இல் மெரினாவிலே பதினோரு மாடிக் கோபுரம் எழுந்து, நான்காம் விளக்கு அங்கே ஏற்றப்பட்டது. நீண்ட காலம் மூடிக் கிடந்த அதன் படிக்கட்டு, 2013 நவம்பரில் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தது சரியான காரியம் என்பது நம் கருத்து.

இந்த நான்கில் முதல் மூன்றும் ஒன்றையொன்று கூப்பிடு தூரத்தில் நிற்பவை. கோட்டையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து குவிமாடத்துக்கும் நடந்தே போய்விடலாம். ஒரு நகரத்தின் மூன்று தலைமுறை விளக்குகள் இப்படி ஒரே முற்றத்தில் நிற்பது பெரும் பேறு. ஆனால், முதல் விளக்கு நின்ற மாளிகை தொல்பொருள் துறையார் கையில். இரண்டும் மூன்றும் நீதிமன்ற வளாகத்தில். நான்காவது மத்திய சர்க்காரின் கலங்கரை விளக்க இலாகாவிடம். குடும்பம் ஒன்று; காப்பாளர் பலர். பலர் பார்க்கும் பிள்ளை பட்டினி கிடக்கும் என்பது நம் கிழவிகள் கண்ட அனுபவம்.

“வெள்ளைக்காரன் கட்டிய தூண்தானே, அதற்கு ஏன் இத்தனை உருக்கம்?” என்று சிலர் கேட்கக்கூடும். கலங்கரை விளக்கம் என்பது கடன் வாங்கிய பொருளா நமக்கு? கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கு என்று பொருள் பொதிய, தமிழன் தானே ஆக்கிக்கொண்ட சொல் அது. சிலப்பதிகாரத்திலே அந்தச் சொல் உண்டு. அதற்கும் முன்னே, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையைச் சொல்லும்போது, ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தையும், இரவிலே அங்கே ஏற்றிய சுடர் கடலில் திசை தப்பிய கலங்களை அழைப்பதையும் காட்டுகிறது. அந்தப் பாட்டுக்குரிய தலைவன் யார்? காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஒரகடமும் திருப்பெரும்புதூரும் அந்தத் தொண்டை நாட்டு மண்தான். கப்பலுக்கு விளக்கேற்றியதைப் பாட்டிலே பதித்து வைத்த நாட்டில், இன்று கப்பலேறும் கார் செய்கிறோம். ஆகவே, விளக்கைக் காப்பது நமக்கு அந்நிய வேலையன்று.

காக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. கோடியக்கரையிலே, சோழர் காலத்தது என்று வழிவழியாகச் சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் செங்கற்கோபுரம் ஒன்று சிதைந்த நிலையில் நின்றது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள் அந்தக் கரையை மறந்திருக்க முடியாது. நாவலைப் படித்தோம், உருகினோம். கோபுரத்தையோ மணலுக்கும் முட்புதருக்கும் விட்டோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. எஞ்சியிருந்ததையும் வீழ்த்திச் சென்றது. அலையைக் குறை கூறிப் பயனென்ன? அதற்கு முன் கிடைத்த அத்தனை ஆண்டுகளிலே, கல்லையும் செங்கல்லையும் அளந்து, வரைந்து, வலுவூட்டி வைத்திருந்தோமா என்பதே கேள்வி. கதையிலே வாழும் அந்தக் கோபுரத்தைக் கரையிலே தேடினால், இடிபாடுதான் மிச்சம்.

மாமல்லபுரத்திலே கதை வேறு. குன்றின் மேலுள்ள பல்லவர் காலத்து ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியையே, 1887இல் வெள்ளையர் விளக்கு மேடையாக்கிக் கொண்டனர். கோயிலைப் பழைய கலங்கரை விளக்கம் என்று ஊரார் அழைக்கும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது. பின்னர்ப் பக்கத்திலேயே கல்லால் தனிக்கோபுரம் எழுப்பி, 1904இல் விளக்கை அங்கே மாற்றினர். இன்று கோயிலும் நிற்கிறது, கோபுரமும் நிற்கிறது, ஒளியும் எரிகிறது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதால் அவற்றின் மேல் பல கண்கள் காவல் இருக்கின்றன. உயர்நீதிமன்றத் தூணுக்கு அந்தப் பேறு இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டத்தை அகற்றிவிட்டு, 2021இல் நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்றிற்று. மத்திய சர்க்கார் தன் ஆளுகையிலுள்ள விளக்கைப் பாரம்பரியக் கலங்கரை விளக்கம் என்று அறிவிக்கலாம். கல்விக்கும் பண்பாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் அதனை வளர்க்கலாம் என்கிறது அச்சட்டம். 2024 பிப்ரவரி 28ஆம் நாள் தூத்துக்குடியிலே, நாடெங்கும் 75 கலங்கரை விளக்கங்களில் அமைந்த சுற்றுலா வசதிகளைப் பிரதமர் தொடங்கி வைத்தார். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ‘தன் ஆளுகையிலுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! எரியும் விளக்குக்கு இலாகா உண்டு, சட்டம் உண்டு, விழா உண்டு. 1894இல் எரிவதை நிறுத்திய தூண் எந்த இலாகாவின் பிள்ளை? உழைக்கும்வரை சோறு, ஓய்ந்தபின் திண்ணை என்ற பழைய நியாயம் தூணுக்குமா?

மாநிலத்துக்கும் 2012இல் இயற்றப்பட்ட மரபுச் சின்ன ஆணையச் சட்டம் உண்டு. அந்த வழியிலே மாநில சர்க்கார் முன்வந்து, உயர்நீதிமன்றத்தாரின் இசைவுடன், மூன்று விளக்குகளுக்கும் ஒரே பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. நீதிமன்ற வளாகம் நீதிபதிகளின் ஆணைக்கு உட்பட்டது. பாதுகாப்புக் கெடுபிடியும் மிகுதி. ஆண்டுக்கொரு நாள் எல்லா வாயில்களையும் அடைத்து, ‘இது பொதுவழியன்று’ என்று நிலைநாட்டும் வழக்கமும் அங்கே உண்டு. அதைக் குறை கூறவில்லை. உடைமை உரிமையைக் காக்க அவர்கள் கையாளும் முறை அது. ஆண்டுக்கொரு நாள் அடைக்கத் தெரிந்த வாயிலை, மாதத்துக்கொரு ஞாயிறு தூணைக் காண வருவோருக்கு விரியத் திறக்கவும் வழி காணலாம் அல்லவா?

திட்டம் என்றதும் நம் நாட்டிலே உடனே சாரம் கட்டிவிடுவார்கள். வண்ணம் பூசுவார்கள், தரையிலே பளபளக்கும் ஓடு பதிப்பார்கள், சுற்றிலும் எவர்சில்வர்க் கம்பி வேலி, நடுவே திறப்பு விழாக் கல், அதிலே பெரிய எழுத்தில் பெயர்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால், பூச்சு உதிர்ந்து, உள்ளிருக்கும் கல்லும் சேர்ந்து உதிரும். இதைத்தான் ‘பழுது பார்த்தல்’ என்று கணக்கெழுதுகிறார்கள். பழங்கட்டடத்துக்குப் பகை மழையும் வெயிலும் மட்டுமல்ல; அவசரக்கார ஒப்பந்தக்காரரும்தான்.

முதல் வேலை அளப்பது. அடி முதல் முடி வரை, கல் கல்லாக, இணைப்பு இணைப்பாக அளந்து வரைபடம் ஆக்க வேண்டும். எந்த இணைப்பிலே சாந்து போயிற்று, எங்கே விரிசல், எங்கே நீர் இறங்குகிறது, எங்கே அரசும் ஆலும் வேர் விடப் பார்க்கின்றன என்று குறித்தாக வேண்டும். ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம் இரண்டையும் பார்த்த பிறகே நோய் இன்னதென்று சொல்ல முடியும். நாடி பிடிக்காமல் மருந்து எழுதும் வைத்தியரை நாம் வீட்டுக்குள் விடுவோமா?

அடுத்தது சாந்து. அந்நாளையக் கல் வேலை சுண்ணாம்புச் சாந்தை நம்பியது. சுண்ணாம்பு மூச்சு விடும்; உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற்றும்; கல் வெப்பத்தில் விரிந்தால் தானும் இசைந்து கொடுக்கும். சிமெண்டு அப்படியன்று. இறுகி நிற்கும், ஈரத்தை உள்ளே அடைக்கும். கடற்காற்றிலே வந்த உப்பு, அடைபட்ட ஈரத்தில் கரைந்து, உலரும்போது படிகமாகிக் கல்லின் தோலையே உரித்தெடுக்கும். ஆகவே, சிமெண்டு மூட்டையை அந்தத் தூணின் பக்கமே கொண்டுவரக் கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுச் சுண்ணாம்பை அரைக்கத் தெரிந்த கொத்தர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் பெருமை விளங்கும். ஒப்பந்தப் புள்ளியிலே மிகக் குறைந்த தொகை கேட்டவர் யார் என்று மட்டும் பார்க்காமல், அந்தக் கை யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரும்பு இருந்தால் அதுவும் கவனிக்கத்தக்கது. பழங்கட்டடங்களில் கல்லோடு கல்லைப் பிணைக்க இட்ட இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கல்லைப் பிளக்கும். உப்புக்காற்றுக்கு இரும்பின் மேல் தீராப் பசி. உயர்ந்து நிற்கும் எதையும் இடி தேடும். ஆகவே இடிதாங்கிக் கம்பி உச்சி முதல் மண்வரை அறாமல் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். 2019 முதல் அந்த வளாகத்துக்குப் பக்கத்திலேயே நிலத்தடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதன் அதிர்வு தூணின் அடிக்கல்லுக்கு வந்து சேருகிறதா என்பதை ஊகத்தால் அல்ல, கருவியால் சொல்ல வேண்டும். குவிமாடத்து விளக்கறைக்கு மக்களை ஏற்றிக் காட்டுவதானால் மற்றொரு சோதனையும் தேவை. பழைய கலங்கரை விளக்கங்கள் பலவற்றில், சுழலும் பெரிய வில்லைகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிடுவது வழக்கமாக இருந்தது. அங்கே அப்படி ஏதும் இருந்ததா, எச்சம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை மேலே அனுப்ப வேண்டும்.

மேனாட்டார் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு லா கொருன்யாவிலே ரோமானியர் எழுப்பிய விளக்குக் கோபுரம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புறச்சுவர் புதுப்பிக்கப்பெற்று, இன்றும் ஒளி தருகிறது; 2009இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவிலே ஹாட்டெரஸ் முனை விளக்கைக் கடல் அரித்து நெருங்கிய போது, 1999இல் கோபுரத்தையே பெயர்த்து, ஏறத்தாழ 2900 அடி உள்ளே நகர்த்தி வைத்தார்கள். நாம் நகர்த்தச் சொல்லவில்லை. நிற்கிற இடத்தில் நிற்கவிடச் சொல்கிறோம்.

இனிப் பணத்துக்கு வருவோம். முதல் ரூபாய் சர்க்காருடையதாக இருக்க வேண்டும். அடுத்த ரூபாயை ஆலைகளிடம் கேட்கிறோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை, அப்பணிகளின் வரிசையிலே, வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களைச் சீரமைப்பதையும் சேர்த்திருக்கிறது. ஆகவே நாம் கேட்பது தருமமன்று. சட்டம் காட்டிய வழி.

1998 முதல் ஹூண்டாய் கார்கள் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகின்றன. 2010இல் ரெனோ – நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலையும் ஒரகடத்தில் திறந்தன. கடல் வழி இன்றி இந்தத் தொழில் இல்லை. விளக்கு இன்றிக் கடல் வழி இல்லை. இவை மட்டுமா? திருப்பெரும்புதூரிலே செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை இருக்கிறதே, அந்தப் பெயருக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் பழைய உறவு. பிரெஸ்னல் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கொளியைக் குவித்து நெடுந்தொலைவு வீசும் வில்லையைக் கண்டுபிடித்து, 1823இல் கோர்துவான் விளக்கிலே பொருத்தினார். அத்தகைய வில்லைகளுக்குரிய கண்ணாடியை வார்த்துத் தந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெயர் பெற்ற ஆலைகள் மிகச் சில. பிரான்சின் செயின்ட் கோபைன் ஒன்று, பர்மிங்காமின் சான்ஸ் சகோதரர்கள் மற்றொன்று. உலகத்துக் கடல்களுக்கு ஒளிக்கண் செய்தளித்த மரபின் பெயரை வாயிற்பலகையிலே எழுதி வைத்திருக்கும் ஆலை, நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் என்ன தவறு?

“எங்கள் ஏரியைத் தூர் வார வழியில்லை, பட்டணத்துத் தூணுக்குப் பணமா?” என்று வல்லத்திலும் வடகாலிலும் இருப்பவர்கள் கேட்டால், அதிலே நியாயம் உண்டு. நிலத்தைத் தந்தவர்கள் அவர்கள். லாரிப் புழுதியைத் தின்பவர்களும் அவர்கள். ஆலைகள் தம்மைச் சூழ்ந்துள்ள ஊர்களுக்கே முன்னுரிமை தர வேண்டுமென்று அதே சட்டம் சொல்கிறது, நாமும் சொல்கிறோம். ஏரிக்கும் பள்ளிக்கும் உரிய பங்கிலிருந்து ஒரு காசும் தூணுக்கு வேண்டாம். ஆலைகள் விளம்பரப் பலகைக்கும் மரம் நடும் படப்பிடிப்புக்கும் செலவிடும் தொகை இருக்கிறதல்லவா, அதிலே கைவைக்கட்டும் என்கிறோம். அளவெடுக்கும் வேலைக்குக் கோடிகள் தேவையில்லை. ஆளும் கருவியும் தேவை. உதிரிப் பாகத்திலே மயிரிழைப் பிளவையும் கண்டுபிடிக்கும் கருவிகளும், அதிர்வை அளக்கும் கருவிகளும் மோட்டார் ஆலைகளில் அன்றாடப் புழக்கம். அவற்றையும் கையாளத் தெரிந்த இளைஞர்களையும் சில வாரங்கள் அனுப்பி வைத்தால், தொல்பொருள் அறிஞர்களின் மேற்பார்வையில் தூணின் நாடியைப் பிடித்துவிடலாம். தொழிற்பயிற்சி நிலையத்து மாணவனுக்கு அது பாடமும் ஆகும்.

ஒரு நிபந்தனை மட்டும். பணம் தந்த கம்பெனியின் சின்னம் தூணின் உடம்பிலே ஏறக்கூடாது. வாயிலிலே சிறு பலகை போதும். அதிலும் முதல் வரியாக, 1838 முதல் அந்தக் கல்லைச் சுமந்த பெயர் தெரியாத உழைப்பாளிகளுக்கு நன்றி எழுதப்படட்டும்.

அந்தப் பலகையை முதலில் படிக்க வேண்டியவர்களும் தொழிலாளிகளே. ஒரகடத்து விடுதிகளில் தங்கி, மூன்று ஷிப்டிலும் மாறி மாறி உழைக்கும் பிள்ளைகள் பலர், தாம் முடுக்கிய திருகாணி எந்தக் கடலைத் தாண்டிப் போகிறது என்பதைக் காணாமலே ஊர் திரும்புகிறார்கள். ஆலை பஸ்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதானே நிற்கின்றன! மாதம் ஒரு முறை அவற்றிலே அவர்களை ஏற்றிவந்து, கோட்டை அருங்காட்சியகம், தூண், குவிமாடம், மெரினா விளக்கு என்று நான்கையும் காட்ட ஆலை நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடி ஏற்பாடு செய்யலாம்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கிவிடும். அதற்கு முன்னே, மாநில சர்க்கார் உயர்நீதிமன்றப் பதிவாளருக்கும் தொல்பொருள் துறைக்கும் கலங்கரை விளக்க இலாகாவுக்கும் அழைப்பு அனுப்பி ஒரே மேசையில் அமர்த்த வேண்டும். ஆலை நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் அந்த மேசையில் நாற்காலி போட வேண்டும். முதல் கூட்டத்தில் வண்ணத்தைப் பற்றியோ திறப்பு விழாவைப் பற்றியோ எவரும் வாய் திறக்க வேண்டாம். தூணை அளப்பது யார், என்றைக்குத் தொடங்குவது என்ற இரண்டுக்கு மட்டும் விடை எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.